"அட்வான்சில் கழிச்சுக்குங்க!" வாடகை பாக்கி வைத்து கம்பி நீட்டும் ஆசாமிகள்

போன வாரம் வடசென்னையில் ஒரு போலீஸ் நிலையம். இரவு 8 மணி. செயின் பறிப்பு கேஸ் பற்றி விசாரிக்கப் போயிருந்தேன். பெஞ்சில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். வயது 70 இருக்கும். மடியில் மஞ்சள் பை. பையில் ஒரு கரண்ட் பில், ஒரு பூட்டு.

"மாடியில குடியிருந்தவன் ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணிட்டு ஓடிட்டான் தம்பி. பூட்டை மட்டும் வெச்சிட்டுப் போயிட்டான்" என்றார்.

ரைட்டர் ஏட்டு எழுதிக்கொண்டே சொன்னார்: "இது சிவில் மேட்டர் பாட்டி. கோர்ட்டுக்குப் போங்க."

ஏட்டு சொன்னது சட்டப்படி சரிதான். மோசடி கேஸ் போட வேண்டும் என்றால், ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டவேண்டும். இந்த ஆசாமி 2 வருஷம் ஒழுங்காக வாடகை கொடுத்தவர். அப்புறம்தான் மக்கர் பண்ணினார். அது கடன் பாக்கி. ஆனால் 70 வயது பாட்டியிடம் "கோர்ட்டுக்குப் போ" என்றால், எந்த கோர்ட்? யாரைப் பார்ப்பது? அதை யாரும் சொல்லவில்லை. அங்கேதான் எனக்கு கோபம் வந்தது.

கரைந்த அட்வான்ஸ்

கதை இதுதான். வாடகை மாசம் 9 ஆயிரம். அட்வான்ஸ் 40 ஆயிரம். புருஷன் இறந்தபின் வருகிற பென்ஷனும் இந்த வாடகையும்தான் பாட்டிக்கு சோறு போட்டது.

ஒரு மாசம் வாடகை வரவில்லை. "அடுத்த மாசம் சேர்த்து தர்றேன் பாட்டி." அடுத்த மாசமும் இல்லை. மூன்றாவது மாசம், "அட்வான்ஸ்தான் இருக்கே, கழிச்சுக்குங்க." இப்படி 6 மாசம் போய்விட்டது. 54 ஆயிரம் பாக்கி. அட்வான்சைக் கழித்தால் 14 ஆயிரம் நிற்கிறது. கரண்ட் பில் 4,300. ஆக மொத்தம் 18,300 ரூபாய்.

"கழிச்சுக்குங்க" என்ற வார்த்தை இருக்கிறதே, அது சென்னையில் வீட்டுக்காரர்களை மயக்கும் மந்திரம். அட்வான்ஸ் என்பது கடைசியில் கணக்கு பார்க்க வைத்திருக்கும் பணம். குடியிருக்கும்போதே அதைத் தின்ன விட்டால், ஆசாமியைப் பிடித்து வைக்க வேறு கயிறு கிடையாது. முதல் மாசம் தவறியபோதே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். பாட்டி கேட்கவில்லை. "பச்சப்புள்ள இருக்கிற வீடு, எப்படி தம்பி கேக்கறது?" என்கிறார்.

பில் யார் தலையில்?

வீட்டு கரண்டுக்கு 2 மாசத்துக்கு ஒரு தடவைதான் கணக்கெடுப்பு. ஆள் இன்றைக்குக் காலி பண்ணினால், பில் வருவது எப்போதோ. இணைப்பு வீட்டுக்காரர் பேரில். மின்வாரியத்துக்கு மாடிக்காரரைத் தெரியாது. பில் கட்டாவிட்டால் பீஸ் பிடுங்கப்படுவது உங்கள் வீட்டில்தான்.

சாவி வாங்கும் நாளில் இரண்டு பேரும் சேர்ந்து மீட்டர் முன் நிற்கவேண்டும். ரீடிங்கை போனில் படம் எடுத்து, அங்கேயே கணக்கைத் தீர்க்கவேண்டும். 5 நிமிஷ வேலை. ஆனால் நடுராத்திரியில் குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றுகிறவன் உங்களை மீட்டர் பார்க்க எழுப்புவானா?

வீட்டுக்காரர் மட்டும் யோக்கியமா?

குடித்தனக்காரர்கள் இதைப் படித்துவிட்டு என் மேல் பாயவேண்டாம். நானும் வாடகை வீட்டில் இருப்பவன்தான். காலி பண்ணும்போது வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை, ஆணி அடித்த ஓட்டைக்கு ஒரு தொகை என்று அட்வான்சை விழுங்கும் வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். 2016-ல் அரசு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று அறிவித்தது. சப்-மீட்டர் வைத்த பல வீடுகளில் அந்தச் சலுகை மாடிப்படி ஏறவே இல்லை. அட்வான்ஸ் திரும்ப வராது என்ற பயத்தில்தான் பலரும் கடைசி மாசங்களில் வாடகையை நிறுத்துகிறார்கள். பாட்டி அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் யாரோ செய்த பாவம் அவர் தலையில் விடிந்தது.

தமிழ்நாட்டில் 2017-ல் போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் 3 மாசத்துக்கு மேல் கூடாது. காலி பண்ணிய ஒரு மாசத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரவேண்டும். 2 மாச பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாசத்துக்குள் கட்டாதவரை வெளியேற்றக் கேட்கலாம். நம்ம ஊரிலோ இன்னும் பத்திரத்தில் 11 மாசத்துக்கு எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். பாட்டியிடம் அந்தப் பத்திரமும் இல்லை.

மிரட்டினால் மாட்டுவது யார்?

பாட்டியின் பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னாராம்: "பசங்க நாலு பேரை அனுப்பினா பணம் தானா வரும்." வேண்டவே வேண்டாம். அப்படிப் போய் வீட்டுக்காரரே கம்பி எண்ணின கேஸ்களை நானே எழுதியிருக்கிறேன். ஆள் உள்ளே இருக்கும்போது தண்ணி, கரண்டை நிறுத்துவதும் சட்டப்படி தப்பு.

2012 பிப்ரவரியில் வேளச்சேரி வாடகை வீட்டில் தங்கியிருந்த, வங்கிக் கொள்ளையர் என்று போலீஸ் சொன்ன 5 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு குடித்தனக்காரர் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பாட்டியும் கொடுத்திருந்தார். சொந்த ஊர் விலாசம், அடையாள அட்டை நகல் எல்லாம் அதில் உண்டு. அந்தப் படிவம் அதே ஸ்டேஷன் அலமாரியில்தான் தூங்குகிறது. போலீஸ் பணம் வசூலித்துத் தரட்டும் என்று நான் சொல்லவில்லை. அது கட்டப்பஞ்சாயத்து. நோட்டீஸ் அனுப்ப விலாசத்தையாவது பார்த்துச் சொல்லலாமே? (நீங்கள் கொடுத்தால் ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.)

பாட்டிக்கு வழி இருக்கிறது. பாக்கி வாடகைக்கு 3 வருஷத்துக்குள் சிவில் வழக்குப் போடலாம். 18 ஆயிரத்துக்கு வக்கீல் பீஸ் கொடுத்தால் கட்டுபடியாகுமா? ஆகாது. ஆனால் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. 1987 சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், வழக்குக்கு முன்பே எதிராளியைக் கூப்பிட்டு சமரசம் பேசவும் வழி உண்டு. இந்த ஒரு வரியை எழுதி எல்லா ஸ்டேஷன் சுவரிலும் ஒட்ட எவ்வளவு செலவாகும்?

மறுநாள் பாட்டி வீட்டுக்குப் போனேன். சாமான் ஏற்றிய குட்டியானை டிரைவர் தெருமுனை ஸ்டாண்டிலேயே நிற்கிறார். பொன்னேரி பக்கம் இறக்கினேன் என்றார். தெரு பேரையும் சொன்னார். அதைச் சீட்டில் எழுதி பாட்டியிடம் கொடுத்தேன்.

மாடியில் ஒரு கட்டில், ஓட்டை மிக்சி, ஒரு ஸ்கூல் பை. பழைய இரும்புக்காரரைக் கூப்பிடலாமா என்று கேட்டார். கூடாதும்மா, இரண்டு சாட்சி வைத்து பட்டியல் எழுதுங்கள், படம் எடுங்கள் என்றேன்.

பட்டியலில் எல்லாவற்றையும் எழுதினோம். ஸ்கூல் பையை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

"உள்ள அவன் கணக்கு நோட்டு இருக்கு தம்பி. நோட்டீஸ் குடுக்கப் போறப்ப இதையும் குடுத்துரணும். புள்ளைக்குப் பரீட்சை வருதுல்ல."