‘ஹியர்பை’ இல்லாமலும் விண்ணப்பிக்கலாம்

சங்கரன்கோவிலில் தாலுகா ஆபீஸ் பக்கமும் பேருந்து நிலையத்தின் பக்கமும் உள்ள கம்ப்யூட்டர் சென்டர்களில், வேலை தேடிப் புறப்படும் பட்டதாரிகளுக்காகத் தயாராகும் பயோடேட்டாக்களை ஊன்றிப் பார்ப்பவர்களுக்கு, பெயரும் படிப்பும் மதிப்பெண்ணும் ஆளுக்கு ஆள் மாறினாலும், கடைசிப் பத்தி மாத்திரம் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருப்பது புலப்படும். ‘ஐ ஹியர்பை டிக்ளேர்’ என்று தொடங்கி, மேற்கண்ட விவரங்கள் யாவும் நான் அறிந்த வரையில் உண்மை என்று பிரமாணம் செய்து, இடம், தேதி, கையொப்பத்தோடு முடியும் பத்தி அது. தன் பெயரும் தன் தகப்பனார் பெயரும் ‘தான் அறிந்த வரையில்’ உண்மை என்று ஒருவர் சாட்சி சொல்வதிலுள்ள விநோதம் ஒருபுறம் இருக்கட்டும். ‘ஹியர்பை’ என்னும் அந்தப் பழைய வினையடை, இருபத்தொன்றாம் நூற்றாண்டின் ஆங்கிலத்தில் எங்கே இருக்கலாம், எங்கே இருக்கலாகாது என்பதே நம் விசாரணைக்கு உரியது.

பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சொல்லை இகழ்வது விவேகமன்று. ஹியர்பைக்கு உரிய தொழில் ஒன்று உண்டு. சில வாக்கியங்கள் ஒரு காரியத்தைப் பற்றிய சமாசாரத்தைச் சொல்வதோடு நில்லாமல், சொல்லப்படும் அந்த க்ஷணத்திலேயே அக்காரியத்தை நிறைவேற்றியும் விடுகின்றன. ‘என் பதவியை ராஜிநாமா செய்கிறேன்’ என்று எழுதி ஒப்பமிட்டால், அந்த எழுத்தே ராஜிநாமா. ஆக்ஸ்போர்டின் தத்துவ ஆசிரியர் ஜே. எல். ஆஸ்டின், 1955-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், இவ்வகை வாக்கியங்களை ஆராய்ந்தபோது, அவற்றை இனங்காண்பதற்கு ஹியர்பை பொருந்துகிறதா என்று பார்ப்பதை ஒரு சோதனையாகக் காட்டினார். 1949 நவம்பர் 26-ஆம் தேதியிட்ட நம் அரசியல் சாசனத்தின் முகப்புரையில் அந்தச் சொல் பெரிய எழுத்தில் நிற்பதும், அதன் தமிழ் வடிவத்தில் ‘ஈங்கிதனால்’ என்ற சொல் ஆளப்பட்டிருப்பதும் இந்த நியாயத்தைப் பற்றியே. ‘இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்’ என்று தண்டோராக்காரர் முழங்கினாரே, அந்த ‘இதனால்’ செய்த காரியமும் இதுவே. அவர் வாய் திறந்து சொன்னதே அறிவிப்பு.

அவ்விடத்தை விட்டு அச்சொல் இடம் பெயரும்போதுதான் சங்கடம் நேருகிறது. ‘ஐ ஆம் ஹியர்பை சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று விடுப்புக் கடிதம் எழுதும் மாணவன், தான் எழுதுவதனாலேயே தனக்குக் காய்ச்சல் வருகிறது என்று சொன்னவனாகிறான். ‘சான்றிதழ்களை ஹியர்பை இணைத்துள்ளேன்’ என்று எழுதுகிறவர், ஹியர்வித் என்னும் வேறொரு பழஞ்சொல்லின் ஸ்தானத்தில் இதை அமர்த்திவிடுகிறார்; காகிதத்தைக் காகிதத்தோடு சேர்த்து வைக்க இரண்டுமே வேண்டியதில்லை. ‘டிக்ளேர்’ என்பதோடு வரும் ஹியர்பை, ஆஸ்டினின் சோதனையில் தேறிவிடும் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆயினும் இலக்கணம் அனுமதிக்கிறது என்பதனாலேயே சந்தர்ப்பமும் அனுமதிக்கிறது என்று ஆகிவிடாது. ஆடித் தபசுத் திருவிழாவுக்குரிய சப்பரத்தைக் கறிகாய் வாங்கக் கடைத்தெருவுக்கு இழுத்துப் போவாரில்லை.

இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், ஆங்கிலத்தை வீட்டுப் பேச்சாக அல்லாமல் கச்சேரி பாஷையாகவே நாம் முதலில் அறிந்தோம் என்பது விளங்கும். கலெக்டர் உத்தரவிலும் கோர்ட்டு சம்மனிலும் கண்ட சொற்களே உயர்ந்த ஆங்கிலம் என்று குமாஸ்தாக்கள் கருதினார்கள். அவர்கள் வகுத்த மாதிரிக் கடிதங்கள் கைமாறிக் கைமாறி, இன்றைக்குக் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்த கோப்பாகக் காட்சி தருகின்றன.

நம் பத்திரங்களின் தமிழும் பழமையானதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ‘மேற்படி’ என்பதற்கு ‘௸’ என்னும் குறியும், ‘தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்’ என்னும் தொடரும் பழைய கிரய சாசனங்களில் உண்டு என்பது மெய்யே. ஆனால் அத்தொடரின் ஒவ்வொரு சொல்லும் ஓர் உரிமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: தானமாகக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். எந்தச் சொல்லை எடுத்தாலும் வாங்கினவருக்கு நஷ்டம். விடுப்புக் கடிதத்திலுள்ள ஹியர்பையை எடுத்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

அச்சொல் இல்லாவிடில் கம்பீரம் குன்றும் என்பாருக்கும் விடை உண்டு. மந்திரிகள் பதவியேற்கும்போது கூறும் உறுதிமொழி, அரசியல் சாசனத்தின் மூன்றாம் அட்டவணையில் அச்சாகி இருக்கிறது. அதில் ஹியர்பை இல்லை. அதனால் எந்த மந்திரியின் பதவியும் செல்லாமற் போனதில்லை. ஆங்கிலம் பிறந்த நாட்டிலேயோ, நிதித்துறையின் வேண்டுகோளின்பேரில் சர் எர்னஸ்ட் கவர்ஸ் எழுதிய ‘பிளெயின் வேர்ட்ஸ்’ என்னும் நூல் 1948-இல் வெளிவந்து, உத்தியோகஸ்தர்களுக்கு எளிய நடையைப் போதித்தது. 1999 ஏப்ரலில் அமலுக்கு வந்த சிவில் நடைமுறை விதிகள், ‘பிளெயின்டிஃப்’ என்னும் நெடுநாளைய சொல்லையே நீக்கி, ‘கிளெய்மன்ட்’ என்று மாற்றின. அமெரிக்காவில் 2010-இல் ஒரு சட்டமே இயற்றி, அரசாங்கம் ஜனங்களுக்கு எழுதுவது ஜனங்களுக்குப் புரியவேண்டும் என்று விதித்தார்கள். உடைமைக்காரர் கழித்துப் போட்டதை நாம் நகையாக அணிந்துகொண்டிருக்கிறோம்.

இது நடையழகைப் பற்றிய விவகாரம் மாத்திரமன்று. விண்ணப்பம் என்பது, கேட்பவர் தமக்கு வேண்டியதைத் தம் வாயால் கேட்பது. விசைத்தறிக் கூலியில் மகளைப் படிக்கவைத்த ஒருவர், அவளுக்காக எழுதப்பட்ட காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், அதை எடுத்துச் சொல்ல அவளுக்கே இயலவில்லை என்னும் நிலை இருக்குமாயின், அவள் கேட்கவில்லை. அவள் பெயரால் வேறு யாரோ கேட்கிறார்கள். 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தால் தமிழ் ஆட்சிமொழியாகிவிட்ட மாநிலத்தில், தாலுகா ஆபீஸ் மனுவுக்கு ஆங்கிலம் வேண்டுவதே இல்லை. சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள கம்பெனிக்கு ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டுமென்றால், அது இன்றைய ஆங்கிலமாக இருக்கட்டும்.

ஆகவே, பள்ளியில் கடிதம் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்களும், கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றித் தரும் சென்டர்காரர்களும் இரண்டு கேள்விகளை வழக்கமாக்கிக் கொள்ளலாம். இந்த வாக்கியத்தை எழுதி ஒப்பமிடுவதனாலேயே ஒரு காரியம் நிறைவேறுகிறதா? நிறைவேறினாலும், ராஜிநாமா, அதிகாரப் பத்திரம், உயில் போல அதற்குச் சட்டத்தின் கண்ணில் விளைவு உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஹியர்பை இருக்கலாம். மற்ற இடங்களில் அதை நீக்கிவிட்டு, மிச்சமாகும் இடத்தில் தெரிந்த தொழிலையும் செய்த வேலையையும் இன்னும் ஒரு வரி எழுதினால், வேலை கொடுப்பவர் படிப்பதற்கு ஏதேனும் இருக்கும்.