சொட்டும் குழாயும் ஐந்து வேளை ஒளூவும்



பாத்திரம் துலக்கும் சிங்க்கின் அடியில் நிரந்தரமாக ஒரு வாளி. அதைச் சுற்றிப் பழைய லுங்கித் துணி. நம் வீடுகள் பலவற்றில் இது ஒரு தட்டுமுட்டுச் சாமானைப் போலவே ஆகிவிட்டது. "கொஞ்சம் கொஞ்சமாகத்தானே கசிகிறது" என்று சொல்லியே மாதங்களைக் கடத்துகிறோம். இந்தச் சோம்பலுக்கு மார்க்கத்தில் இடமில்லை என்பதே நம் வாதம்.

ஒளூவில் பிடரியைத் தடவலாமா கூடாதா என்று பள்ளிவாசல் திண்ணையில் அரைமணி நேரம் தர்க்கிக்க நமக்குத் தெம்பு இருக்கிறது. அந்த அரைமணி நேரத்தில் நம் வீட்டுக் குழாய் எவ்வளவு சொட்டியிருக்கும் என்று கணக்கிட்டோமா? ஏறத்தாழ 20 சொட்டுகள் சேர்ந்தால் 1 மில்லிலிட்டர். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டுகள். அதாவது 4 லிட்டருக்கும் மேல். ஆண்டுக்கு 1,500 லிட்டரைத் தாண்டும்.

ஓடும் ஆற்றங்கரையிலும் விரயம் கூடாது என்ற இப்னு மாஜாவின் அறிவிப்பில் தொடரைக் குறைசொல்வோர் உண்டு. அதை விட்டுவிடுவோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' தண்ணீரில் ஒளூச் செய்தார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளித்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. சராசரி மனிதரின் இரு கைகளும் நிறைய அள்ளும் அளவே முத்து. ஷாஃபிஈ கணக்கில் முக்கால் லிட்டருக்கு மேற்படாது, ஹனஃபி கணக்கில் ஏறத்தாழ 1 லிட்டர். ஆக, நாம் பொருட்படுத்தாத அந்தச் சொட்டில், முதல் கணக்கின்படி ஒருவரின் ஐந்து வேளை ஒளூவும் முடிந்து மிச்சமிருக்கும். இரண்டாம் கணக்கின்படி நான்கு வேளை முடியும். உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் விரயம் செய்யாதீர்கள் என்னும் கருத்துடைய 7:31ஆம் வசனத்தைக் கல்யாண விருந்தின் எச்சில் இலைக்கு மட்டும் எடுத்தோதுகிறோம். சமையலறைக்குள் அது நுழைவதில்லை.

அதிலும் நாம் வாழும் பூமி எது? தொண்டூரும் செஞ்சியும் பாறையும் குன்றும் சூழ்ந்த பகுதி. மழையை ஏரியிலும் கிணற்றிலும் பிடித்துவைத்துத்தான் இங்கே பிழைப்பு. செஞ்சிக் கோட்டைக்குள் சக்கரக்குளமும் செட்டிக்குளமும் இன்றும் இருக்கின்றன. கல்யாண மகாலுக்கு மண்குழாய் வழியே தண்ணீர் கொண்டுசென்ற ஏற்பாட்டை வழிகாட்டிகள் காட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று அதை வியக்கிறோம். வீட்டுக்குத் திரும்பி வாளியை மாற்றி வைக்கிறோம்! 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு வகுத்த அளவே 55 லிட்டர்தான்.

"பிளம்பர் வரமாட்டேன் என்கிறார்" என்பது வழக்கமான பதில். சின்ன வேலைக்கு அவர் வரத் தயங்குவது உண்மைதான். ஆனால் எங்கே கசிகிறது என்று பார்ப்பதற்குப் பிளம்பர் எதற்கு? அடிப்பகுதி முழுவதையும் உலரத் துடையுங்கள். குழாயைத் திறக்காமலே ஈரம் கட்டினால் பழுது ஆங்கிள் வால்விலோ இணைப்பு ஹோஸிலோ இருக்கிறது. விரயமாவது நல்ல தண்ணீர்; முதலில் வால்வை மூடுங்கள். ஈரம் இல்லையென்றால் சிங்க்கை அடைத்து நீர் நிரப்பிக் காத்திருங்கள். அடைத்தபடியே மட்டம் இறங்கி அடியில் நனைந்தால், சல்லடையைச் சிங்க்குடன் பிணைக்கும் வேஸ்ட் கப்ளிங்கின் வாஷர் தேய்ந்திருக்கும். அடைப்பை எடுத்து நீரை விட்டபிறகே ஒழுகினால் கீழ்க்குழாயின் இணைப்பில் கோளாறு. பெரும்பாலும் நட்டைக் கழற்றி, அழுக்கைத் துடைத்து, புது வாஷர் போட்டுக் கையால் இறுக்கினாலே நின்றுவிடும். அந்த வாஷரின் விலை ஒரு வேளைத் தேநீர்ச் செலவுக்குள் அடங்கும். நம்மில் சிலரோ நட்டின் மேலேயே எம்-சீலைப் பிசைந்து அப்பிவிடுகிறார்கள். அடுத்த முறை அதைக் கழற்றவே முடியாது. மொத்தக் குழாயையும் அறுத்தெடுக்க வேண்டிவரும். டெஃப்லான் டேப்பும் மரையில் இறுகும் இணைப்புக்குத்தான் உதவும்; வாஷரில் இறுகும் இடத்தில் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பயனில்லை.

"வாளித் தண்ணீரைச் செடிக்குத்தானே ஊற்றுகிறோம், இதில் விரயம் எங்கே" என்போரும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் கலந்த கழிவு நீர் எந்தச் செடிக்கு ஆகும்? அடியில் ஈரம் தங்கினால் பலகை உப்புகிறது, கரப்பான் பெருகுகிறது. மாடி வீடாக இருந்தால் கீழ்வீட்டாரின் கூரையில் கறை படர்கிறது. அண்டைவீட்டாரின் உரிமை பற்றி எத்தனை பயான் கேட்டிருக்கிறோம்!

இவற்றையெல்லாம் விட நம்மை உறுத்துவது வேறொன்று. அந்த வாளியை நாள்தோறும் தூக்கிக் கொட்டுபவர் யார்? நம் உம்மாவும் மனைவியும்தான். குனிந்து பார்ப்பது ஆண்மைக்கு இழுக்கு என்பதுபோல் நாம் நாற்காலியில் அமர்ந்து, "ஆளை வரச்சொல்லியிருக்கிறேன்" என்கிறோம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணியில் இருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) சொன்னார்கள். தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டதும் ஹதீஸ்களில் உண்டு. சுன்னத்தைத் தாடியில் தேடுவோர் இதையும் தேடட்டும்.

நம் பகுதி ஜமாஅத்துகளிடம் ஒரு கோரிக்கை வைக்கிறோம். ஹவ்ளின் அருகே ஒழுகும் குழாய்களை வரும் ஜும்ஆவுக்குள் சரிசெய்யுங்கள். ஒரு ஸ்பேனரையும் பல அளவு வாஷர்கள் கொண்ட ஒரு டப்பாவையும் பள்ளிவாசலிலேயே வையுங்கள். தேவைப்படும் வீட்டார் எடுத்துச் சென்று திருப்பித் தரட்டும். மக்தப் பிள்ளைகளில் பெரியவர்களுக்கு ஒரு மாலை இந்த வேலையைக் கற்றுக்கொடுங்கள். பெண்பிள்ளைகளுக்கும்தான்.