பேனல் கூரையில் இருக்கட்டும், ரிமோட் அண்ணன் கையில் இருக்கட்டும்



சூரிய சக்தியில் ஓடி, ரிமோட்டில் இயங்குகிற புல் வெட்டும் மெஷினைப் பற்றிப் போன எபிசோடில் பேசினோம். அதற்குப் பிறகு வந்த மின்னஞ்சல்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "மெஷின் மேல எவ்வளவு பெரிய பேனல் வைக்கணும்?" என் பதில், பேனலே வைக்காதீங்க. எபிசோடில் நேரம் போதவில்லை, அதனால் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். சிங்கப்பூரில் குளிர்காலம் கிடையாது, புல் வருஷம் பூராவும் வளரும். விரைவுச்சாலை ஓரம், வீவக புளோக்குகளுக்கு நடுவே, கால்வாய்க் கரைச் சரிவு என்று எங்கே பார்த்தாலும் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையுமாக, பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெட்டுகிறவர்களைப் பார்ப்பீர்கள். அவர்களில் பலர் தமிழ்நாட்டுக்காரர்கள், பங்களாதேஷ்காரர்கள். பெட்ரோல் இன்ஜின் காதருகே 95 டெசிபல் அளவுக்குக் கத்தும். இங்குள்ள விதிப்படி பாதுகாப்பான அளவு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். இதற்கு மேல் கை நடுக்கம், பறக்கிற கல், வெயில். மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, வெப்ப அழுத்தக் குறியீடு 32 டிகிரியைத் தொட்டால் கடுமையான வெளிவேலை செய்கிறவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் ஓய்வு தர வேண்டும்.

ஆக, நாம் தீர்க்க வேண்டிய பிரச்சினை பெட்ரோல் செலவு மட்டும் இல்லை. மனிதரைக் கத்தியிலிருந்தும் சரிவிலிருந்தும் சத்தத்திலிருந்தும் தள்ளி நிறுத்துவதுதான் முக்கியம். இதை மனசில் வைத்துக்கொண்டு பேனலுக்கு வருவோம்.

நம் ஊர் இன்ஜினியரிங் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் என்றாலே சோலார் புல்வெட்டி ஒன்று இருக்கும். பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: மேலே ஒரு சின்னப் பேனல், உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி, வைப்பர் மோட்டார், ஆர்டுயினோ, ப்ளூடூத். கற்றுக்கொள்ள அருமையான புராஜெக்ட். ஆனால் அந்தப் பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. முழங்கால் உயரப் புல்லைச் சரிவில் வெட்டக் கத்திக்கு 1,000 வாட், சக்கரத்துக்கு 300 வாட் என்று வைத்துக்கொண்டால், 4 நிமிஷம்கூடத் தாங்காது.

சரி, பேனலைப் பெருசாக்கலாமா? 100 வாட் பேனலுக்கு அரை சதுர மீட்டர் இடம் வேண்டும். சிங்கப்பூரில் மேகம் அதிகம், அது ஒரு நாளில் சராசரியாகத் தருவது 350 வாட்-மணி அளவுதான். நம் மெஷின் ஒரு மணி நேரம் ஓட 1,300 வாட்-மணி தேவை. அதாவது கிட்டத்தட்ட நாலு நாள் வெயிலில் நின்றால் ஒரு மணி நேரம் வேலை. அதுவும் மரநிழல் படாமல் இருந்தால். பேனலில் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஓரத்தில் நிழல் விழுந்தாலே மொத்த உற்பத்தியும் நன்றாக இறங்கிவிடும். சாலையோரப் புல்லுக்கு மேலே மரம் இல்லாத இடம் இந்த ஊரில் எங்கே இருக்கிறது? பத்தாததற்கு, உச்சியில் ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்கும், சரிவில் மெஷின் குப்புற விழ அதுவே போதும்.

"ஹஸ்க்வார்ணா செய்ததே?" என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். உண்மைதான். 1995-இல் அந்த ஸ்வீடன் நிறுவனம் சூரிய சக்தியில் தானே ஓடுகிற வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அது வீட்டுப் புல்தரையில் தினமும் மில்லிமீட்டர் கணக்கில் நுனியை மட்டும் கத்தரிக்கிற மெஷின், அதற்குச் சொற்ப மின்சாரம் போதும். அங்கேகூடப் பின்னால் சந்தையைப் பிடித்தவை, தாமே சார்ஜ் நிலையத்துக்குத் திரும்பிப் போகிற பேட்டரி மெஷின்கள்தான்.

அப்போ சூரியனை விட்டுவிடணுமா? இல்லீங்க, இடத்தை மாற்றினால் போதும். லாரி நிறுத்துகிற கொட்டகைக் கூரையில் 400 வாட் பேனல் எட்டுப் போட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 11 யூனிட். சார்ஜ் இழப்பு போக, மெஷின் 8 மணி நேரம் ஓடும். 51.2 வோல்ட் 30 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் ஒன்றரை யூனிட் இருக்கும். அதில் சிலவற்றைக் கூரையடியில் சார்ஜ் பண்ணி, காலையில் லாரியில் ஏற்றி, தீரத் தீர மாற்றிக்கொள்ளலாம். மெஷின் இளைக்கும், தாழ்வாக நிற்கும். இதுவும் சூரிய சக்தி மெஷின்தான், என்ன, புகைப்படத்தில் பேனல் தெரியாது, அவ்வளவுதான்.

ரிமோட்தான் இந்த டிசைனின் உயிர். ஆனால் அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. 40 சென்டிமீட்டர் கத்தி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் நுனி வேகம் மணிக்கு 226 கிலோமீட்டர். பல மாணவர் டிசைன்களில் மெஷின் கடைசியாகக் கிடைத்த கட்டளையையே பிடித்துக்கொண்டு ஓடும். சாதாரண ப்ளூடூத் பத்து மீட்டர் தாண்டினால் அறுந்துவிடும், "முன்னே போ" என்று கேட்ட மெஷின் போய்க்கொண்டே இருக்கும். அரை விநாடி சிக்னல் இல்லை என்றால் சக்கரமும் கத்தியும் தாமே நிற்க வேண்டும். அந்த நிறுத்தம் மென்பொருளை மட்டும் நம்பி இருக்கக் கூடாது, மின்சாரத்தையே துண்டிக்கிற தனி ரிலே வேண்டும். மின்சாரம் போன பிறகும் கத்தி சுற்றும் என்பதால் அதற்குப் பிரேக்கும் வேண்டும். அமெரிக்காவில் 1982 முதல், நடந்து தள்ளுகிற வெட்டிகளில் கைப்பிடியை விட்ட 3 விநாடிக்குள் கத்தி நிற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. தூரத்தில் நின்று ஓட்டுகிற மெஷினுக்கு அதைவிடக் குறைவாக நாம் எதிர்பார்க்கலாமா?

டிசைன் பண்ணுகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் எப்படி நிற்கும், பிறகு எப்படி வெட்டும், பிறகு எவ்வளவு எடை, கடைசியில் மின்சாரம் எங்கிருந்து. பெரும்பாலான திட்டங்கள் இதைத் தலைகீழாகத்தான் ஆரம்பிக்கின்றன.

இனி, யாரும் மின்னஞ்சலில் கேட்காத கேள்வி. ஆறு பேர் வெட்டிய சரிவை மெஷினோடு இரண்டு பேர் வெட்டிவிட்டால், மற்ற நாலு பேர்? வேலை பெர்மிட் முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் பெரும்பாலும் விமானம்தான், ஏஜென்ட்டுக்குக் கொடுத்த கடன் ஊரில் காத்திருக்கும். "இது பொறியாளர் வேலை இல்லை, கொள்கை விஷயம்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரிமோட் எப்படி இருக்கிறது என்பதை முடிவு பண்ணுகிறவர் பொறியாளர்தானே? ஆங்கில மெனு பத்து, கண்ணாடித் திரை ஒன்று என்று செய்தால் அதை இயக்கப் புதிதாக ஒரு டிப்ளமோக்காரர் வருவார். கையுறையோடு பிடிக்கிற இரண்டு கட்டை ஜாய்ஸ்டிக், ஒரு சிவப்புப் பொத்தான், தமிழிலும் வங்காளத்திலும் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு என்று செய்தால், பத்து வருஷம் அந்தச் சரிவில் நடந்த அண்ணனே இயக்கலாம். எங்கே கல் கிடக்கும், எந்த மண் மழைக்குப் பிறகு வழுக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

நாலு பேர் பிரச்சினை இதனால் முழுசாகத் தீராது, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் மெஷின் வாங்குகிற நகர மன்றங்களும் ஒப்பந்தக்காரர்களும் டெண்டரிலேயே இரண்டு வரி எழுத வேண்டும் என்கிறேன்: இயக்குபவர் இப்போதிருக்கும் குழுவிலிருந்தே வர வேண்டும், பயிற்சிக்கான சம்பள உயர்வும் தர வேண்டும். மெஷினின் விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை இல்லை.

உங்களில் தோட்டப் பராமரிப்புத் துறையில் இருப்பவர்கள், குறிப்பாக பிரஷ் கட்டர் பிடித்த கைகள், பதில் எழுதுங்கள். தட்டச்சு செய்ய நேரம் இல்லை என்றால் வாய்ஸ் மெசேஜ் போதும். அடுத்த எபிசோடில் ரிமோட்டின் வடிவத்தை உங்கள் கருத்தை வைத்தே பேசலாம்.