ஸ்டாப்வாட்ச்சுக்கு முழங்கால் தெரியாது

போலீஸ், ராணுவம், சி.ஆர்.பி.எஃப். ஃபிசிகல் டெஸ்டுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பியிருக்கும் கோச்சுகளையும், அவர்களுக்குப் பணம் கட்டும் நம்மைப் போன்ற பெற்றோர்களையும் நாலு வார்த்தை கேட்காமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். சரி, ஓடட்டும். அதற்காக, வருஷம் முழுக்க புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்த பையனை முதல் நாளே தார் ரோட்டில் விரட்டுவது என்ன நியாயம்? "முன்னங்கால் எலும்பு வலிக்குது சார்" என்றால், "வலி இல்லாம வேலை கிடைக்குமா?" என்று பஞ்ச் டயலாக் வேறு!

இந்த வலி புதுசில்லை சாமி. நடந்து நடந்தே சிப்பாய்களின் பாதம் வீங்குவதை 1855-லேயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் எழுதி வைத்தார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பில் விழுந்த கீறல் என்று தெரிந்தது. பளு கூடும்போது எலும்பு முதலில் பழசைக் கரைக்கும். புதுசைக் கட்ட வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் தினமும் அடித்தால்? வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், வரவு வருமுன்னே செக் மேல் செக்.

"யூனிஃபார்ம் வேலைன்னா கஷ்டப்படணும்" என்பார்கள். யார் இல்லை என்றது? நான் இருக்கும் திருவனந்தபுரத்தில், கிழக்கே கோட்டையில் 1956-இல் தொடங்கிய சி.வி.என். களரி இருக்கிறது. களரியில் சேர்ந்தவுடன் கையில் வாளையா கொடுக்கிறார்கள்? முதலில் மெய்ப்பயிற்சி. கால் வீச்சு, தாழ்ந்து அமர்தல், திரும்புதல், தாவி இறங்குதல். உடம்பு படிந்த பிறகுதான் கோல், அதற்கும் பிறகுதான் இரும்பு. எண்ணெயும் உழிச்சிலும்கூட பயிற்சியில் சேர்த்திதான். இது சண்டைக்கு ஆள் தயார் செய்த முறை. சோம்பேறிகளின் முறை அல்ல.

அதனால், "டைமிங் எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்று மட்டும் கோச்சிடம் கேட்காதீர்கள். குதிகால் தூக்காமல், முழங்கால் உள்ளே மடியாமல் பையன் குந்தி எழுகிறானா? குதித்தால் சத்தமில்லாமல் இறங்குகிறானா? ஓட்டத்தைப் படிப்படியாகக் கூட்டுகிறீர்களா? ஓய்வு நாள் உண்டா? எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டால் வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் அனுப்புவீர்களா? பெண் பிள்ளை என்றால், மாதவிடாய் தள்ளிப்போவதும் சாப்பாடு குறைவதும் எலும்பைப் பலவீனமாக்கும் என்றாவது தெரியுமா?

இந்தக் கேள்விகளுக்கு முறைக்கிற கோச்சிடம் பிள்ளையை விடாதீர்கள். தேர்வு அடுத்த வருஷமும் வரலாம். முழங்காலுக்கு அடுத்த நோட்டிஃபிகேஷன் கிடையாது.