மாறியதை மட்டும் அனுப்பலாமே!

ஒரு சர்வரில் உள்ள கோப்புகளுக்குத் தொலைவிலுள்ள இன்னொரு சர்வரில் நாள்தோறும் நகல் வைக்க வேண்டும். நேரம் மிகுதியாகிறது. என்ன செய்யலாம்? “இன்னும் வேகமான இணைப்பை வாங்குங்கள்” என்பார்கள் பலர். இது யோசிக்காமல் சொல்லும் விடை என்பது என் கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டெராபைட் என்பது 8 லட்சம் கோடி பிட். நொடிக்கு 10 கோடி பிட் செல்லும் இணைப்பில் இது போய்ச் சேர 80,000 நொடி, அதாவது 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் நேற்றைய நகல்தான் அங்கே இருக்கிறதே! இன்று மாறியது நூற்றில் ஒரு பங்கு என்றால், அதை மட்டும் அனுப்ப 800 நொடி போதும்.

மாறியது எது என்று எப்படி அறிவது? ஒப்பிடுவதற்காகக் கோப்பையே அனுப்பினால் மிச்சம் ஏது? இந்த முடிச்சை 1996-ல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் அவிழ்த்தனர். அவர்கள் எழுதிய ‘ஆர்சிங்க்’ என்ற நிரல் இன்றும் வழக்கில் உள்ளது.

பழைய நகலை வைத்திருக்கும் சர்வர் அதைச் சம துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்களை மட்டும் அனுப்புகிறது. புதிய கோப்பு உள்ள சர்வர், அதே எண்களைத் தரும் பகுதிகளைத் தன் கோப்பில் தேடுகிறது. கோப்பின் தொடக்கத்தில் ஓர் எழுத்தைச் சேர்த்தாலும் எல்லாம் ஓரிடம் நகர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பைட்டிலிருந்தும் தேடியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்கிட்டால் பொழுது விடிந்துவிடும்!

4, 7, 2, 9 என்பவற்றின் கூட்டுத்தொகை 22. அடுத்து வரும் எண் 5. மீண்டும் நான்கையும் கூட்ட வேண்டுமா? வெளியேறும் 4-ஐக் கழித்து 5-ஐச் சேர்த்தால் 23. ஆர்சிங்க் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். (எண்களின் வரிசை மாறினாலும் தொகை மாறாதே என்று கேட்கும் மாணவருக்கு என் பாராட்டு! அதற்காகவே இடத்தைப் பொறுத்து மாறும் இன்னொரு கூட்டலும், இரண்டும் பொருந்தினால் 128 பிட் நீளமுள்ள கடுமையான சோதனையும் உண்டு.) ஆரம்பப் பள்ளியில் படித்த கழித்தலும் கூட்டலும்தான். இதைச் செய்து பார்க்காமல் இணைப்புக்குப் பணத்தைக் கொட்டுவானேன்?

அனுப்புவது முழுவதும் புதிது என்றால் இம்முறை உதவாது, அதை ஒப்புக்கொள்கிறேன். 2017 ஏப்ரலில் கருந்துளைகளைப் படம்பிடிக்கப் பல நாட்டுத் தொலைநோக்கிகள் திரட்டிய தரவு அத்தகையது. அதை வட்டுகளில் பதித்து விமானத்தில்தான் அனுப்பினார்கள். தென் துருவத்து வட்டுகள், குளிர்காலத்தில் அங்கிருந்து விமானம் இல்லாததால், டிசம்பரில்தான் வந்து சேர்ந்தன.