கருமருந்துக்கு வந்த பஞ்சம்!

அமெரிக்காவில் ஒரு ஆலை மூடப்படுகிறது என்ற செய்தி 2021-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளியாயிற்று. அது லூசியானா மாநிலத்தில், மிண்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஆலை. பெரிய ஆலையும் அல்ல. ஆனால் செய்தி பரவியதும் துப்பாக்கிப் பிரியர்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் வாங்கித் தீர்த்துவிட்டார்கள்!

டப்பாவில் இருந்தது என்ன? கருமருந்து!

மருந்து என்றதும் நோய்க்குச் சாப்பிடும் மருந்து என்று எண்ணிவிட வேண்டாம். துப்பாக்கியில் போடும் வெடிமருந்து இது. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்தது. நம் நாட்டுத் துப்பாக்கியில் கிட்டிப்பதும் இந்தக் கருமருந்தைத்தான்.

தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கி வந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்னும் கருமருந்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம்.

வேலை இருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில், குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டுக் கோலால் இடித்துச் சுடும் பழைய மாதிரித் துப்பாக்கிக்கென்றே மான் வேட்டைக்குத் தனி நாட்கள் ஒதுக்குகிறார்கள். ஒரு முறை சுட்டால், மறுபடி மருந்து கிட்டிப்பதற்குள் மான் காட்டுக்குள் மறைந்துவிடும். அதனால் குறி பார்த்துச் சுடத் தெரிந்தவருக்குத்தான் மான் கிடைக்கும். அதிலே அவர்களுக்கு ஒரு பெருமை!

பென்சில்வேனியா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே கிறிஸ்துமசுக்குப் பிறகு ஒரு வேட்டைக்காலம் உண்டு. 1974-ல் தொடங்கியது. அதில் சக்கிமுக்கிக் கல் தட்டித் தீப்பொறி விழும் துப்பாக்கிதான் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இந்தியானா மாநிலத்தில் பிரண்ட்ஷிப் என்ற சிற்றூர் இருக்கிறது. 1933-ல் தோன்றிய சங்கம் ஒன்று அங்கே பழைய துப்பாக்கிகளுக்குப் போட்டி நடத்துகிறது.

எந்த மருந்து உசத்தி?

இப்படிப்பட்டவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போகும்? எந்தக் கம்பெனி மருந்து நல்லது என்றுதான்!

"கோயெக்ஸ் போதும், அமெரிக்க மருந்து" என்பார் ஒருவர். மிண்டன் ஆலையில் செய்த மருந்து அது. "சுவிட்சர்லாந்து மருந்துக்கு ஈடு உண்டா?" என்பார் இன்னொருவர். சுவிட்சர்லாந்தில் ஓபோன் என்ற ஊரில் 1853-ல் தொடங்கிய ஆலையில் செய்து, 'சுவிஸ்' என்ற பெயரிலேயே விற்கிறார்கள். ஜெர்மனியில் இருந்து வரும் 'ஷூட்சன்' மருந்துக்கும் ஆதரவாளர்கள் உண்டு.

மூன்றிலும் சரக்கு ஒன்றுதானே, பிறகு ஏன் இந்தச் சண்டை?

ஒரே அரிசி, ஒரே உளுந்து. ஆனால் இட்லி வீட்டுக்கு வீடு வேறு மாதிரி இல்லையா? அது போலத்தான். கரி எந்த மரத்தில் சுட்டது என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. சுவிஸ்காரர்கள் பக்தார்ன் என்னும் ஒரு புதர்ச்செடியின் கரியைப் போடுகிறார்கள். கோயெக்சில் மேப்பிள் மரத்துக் கரி. எவ்வளவு நேரம் அரைத்தார்கள், மணிகளை எப்படிச் சலித்தார்கள் என்பதும் முக்கியம்.

ஒரே அளவு போட்டால் சுவிஸ் மருந்து குண்டை வேகமாகத் தள்ளுகிறது. அதனால் அளவைக் கொஞ்சம் குறைத்துப் போடுகிறார்கள். குழலில் கசடும் மெதுவாகப் படிகிறது. இது சின்ன விஷயம் அல்ல. எந்தக் கருமருந்தும் எரிந்த பிறகு அதன் எடையில் பாதிக்கு மேல் புகைத்தூளாகவும் கசடாகவும் மிஞ்சும். துடைக்காமல் சுட்டுக்கொண்டே போனால் அடுத்த குண்டு உள்ளே இறங்காது! இந்தப் போட்டியைச் சமாளிக்கக் கோயெக்ஸ்காரர்களும் 'ஓல்டு ஐன்ஸ்போர்டு' என்ற உயர்ந்த ரகத்தைக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் 2021-ல் இந்த வாதம் எல்லாம் அடங்கிவிட்டது. எந்த டப்பாவாவது கிடைத்தால் போதும் என்று ஆயிற்று. ஏன் என்றால், அமெரிக்கா முழுவதற்கும் கருமருந்து ஆலை அது ஒன்றுதான்!

மருந்திலே வளர்ந்த தேசம்

இதுதான் ஆச்சரியம். ஒரு காலத்தில் அமெரிக்காவில் கருமருந்து ஆலைகளுக்குப் பஞ்சமே இல்லை. டூபாண்ட் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நைலானைக் கண்டுபிடித்த அதே கம்பெனி. அதன் முதல் தொழில் கருமருந்துதான். 1802-ல் டெலவேரில், பிராண்டிவைன் ஆற்றங்கரையில் தொடங்கினார்கள்.

அந்த ஆலைகளை ஒரு விசித்திரமான முறையில் கட்டியிருந்தார்கள். மூன்று பக்கம் கனமான கற்சுவர். ஆற்றைப் பார்த்த பக்கம் மட்டும் லேசான சுவர். வெடித்தால் வேகம் ஆற்றுப்பக்கம் போகட்டும் என்று ஏற்பாடு! வெடிக்கத்தான் செய்தது. 1818-ல் நடந்த விபத்தில் 30 பேருக்கு மேல் மாண்டார்கள். தொழிலாளி செத்தால், "ஆற்றைத் தாண்டிவிட்டான்" என்று சொல்வது அந்த ஊர் வழக்கம். அந்த ஆலைகளுக்கு அன்றாடம் வேலைக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் எப்படித் தூங்கினார்களோ!

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. வெடியுப்பு பீகாரில் ஏராளமாக எடுக்கப்பட்டது. நோனியா மக்கள் மண்ணில் இருந்து அதைக் காய்ச்சி எடுத்தார்கள். வெள்ளைக்காரர்கள் அதை லண்டனுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-ல், லாமட் டூபாண்ட் என்பவர் வடமாநில அரசுக்காக இங்கிலாந்துக்குப் போய் வெடியுப்பை வளைத்து வளைத்து வாங்கினார். அந்தச் சமயம் பார்த்து இரு நாடுகளுக்கும் தகராறு மூண்டது. பிரிட்டிஷ் அரசு ஏற்றுமதியை நிறுத்திவிட்டது! தகராறு தீர்ந்த பிறகு, 1862-ல்தான் சரக்கு கிடைத்தது. மருந்துக்கு அயல்நாட்டை நம்பினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கர்கள் அப்போதே பார்த்துவிட்டார்கள்.

புகையில்லா மருந்து வந்ததும் ஆலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. டூபாண்ட் கம்பெனியும் 1970-களில் கருமருந்துத் தொழிலைக் கைகழுவியது. பென்சில்வேனியாவில் இருந்த அதன் ஆலைதான் கை மாறி, 1997-ல் மிண்டனுக்கு இடம் பெயர்ந்தது. 2009-ல் ஹாட்ஜ்டன் கம்பெனி அதை வாங்கியது. 2021-ல் நிறுத்தியதும் அவர்களே.

மாற்று மருந்து போதாதா?

பைரோடெக்ஸ், டிரிப்பிள் செவன் என்று மாற்று மருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் ஹாட்ஜ்டன்தான் விற்கிறது. கடையில் வைத்திருக்க இவற்றுக்குக் கெடுபிடி குறைவு. ஆனாலும் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு இவை ஒத்துவருவதில்லை. தீப்பற்ற அதிக வெப்பம் வேண்டும். கல்லில் இருந்து விழும் சிறு பொறி கருமருந்துக்குப் போதும். மாற்று மருந்துக்குப் போதாது. இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பைரோடெக்சைக் கண்டுபிடித்த டான் பாவ்லாக், 1977-ல் தமது ஆலையில் நடந்த வெடிவிபத்தில் மூன்று பேருடன் உயிர் இழந்தார்.

வேட்டைக்காரருடைய கவலை மட்டும் என்றால் யாரும் பெரிதாக எண்ணமாட்டார்கள். ஆனால் ராணுவத்துக்கும் கருமருந்து வேண்டும். பீரங்கியின் பெரிய மருந்துப் பையைப் பற்றவைப்பதற்கும், சில திரிகளுக்கும் இதுவே உதவுகிறது. உலகத்துக்கே ஆயுதம் விற்கும் தேசம், இந்தப் பழைய சரக்குக்கு ஒரே ஒரு கொட்டகையை நம்பி இருந்தது!

2022-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆலையை வாங்க ஒருவர் முன்வந்தார். யார் தெரியுமா? பிள்ளைகள் வானத்தில் விட்டு விளையாடும் சின்ன ராக்கெட்டுகளைச் செய்யும் எஸ்டெஸ் கம்பெனியின் கூட்டாளிக் கம்பெனி! கொலராடோவில் 1958-ல் தொடங்கிய கம்பெனி அது. அந்த ராக்கெட்டின் அடியில் எரிவதும் கருமருந்துதான். ஆலை போனால் அவர்கள் பிழைப்பும் போகும். அதனால் வாங்கினார்கள். கோயெக்ஸ் டப்பா அதே பெயருடன் திரும்பவும் கடைக்கு வந்தது.

இரண்டாவது ஆலை ஒன்றைக் கட்ட எவரும் துணிவார்களா என்பது சந்தேகம்தான். சாதாரணமாக ஒரு முறை சுட ஏறக்குறைய நாலரை கிராம் மருந்து போதும். ஒரு பவுண்டு டப்பா வாங்கினால் நூறு தடவை சுடலாம். ஆண்டுக்கு ஒரு மான் சுடுகிறவர் எத்தனை டப்பா வாங்கிவிடப் போகிறார்?