முதுமை நலம்: உறையிட்ட பல்லும் வடைமாலைப் பிரசாதமும்

‘நமசிவாய’ என்று ஒருமுறை ஓதிப் பாருங்கள். நாநுனி மேற்பல்லின் அடியைப் பொருந்த நகரம் பிறக்கிறது. மேற்பல் கீழிதழோடு இயைய வகரம் பிறக்கிறது. தொல்காப்பியப் பிறப்பியல் இதனை வகுத்துரைக்கிறது. இறைவன் நாமத்தைத் திருத்தமாகச் சொல்லவும் பல் வேண்டும்; அவன் பிரசாதத்தை உண்ணவும் பல் வேண்டும்.

நாமகிரிப்பேட்டை, இராசிபுரம் வட்டாரத்து அன்பர்களுக்கு மார்கழி என்றதும் நாமக்கல் ஆஞ்சநேயர் நினைவில் நிற்பார். அனுமன் ஜயந்தியன்று 18 அடி உயரத் திருமேனிக்கு 1,00,008 வடைகளால் மாலை சாற்றுவர். கெட்டியாக அரைத்து, மொறுமொறுவெனப் பொரித்த அந்த மிளகு வடை பல நாள் கெடாது, கடிப்பதற்கும் கடினமானது. வேர்ச் சிகிச்சை செய்து ‘கேப்’ எனப்படும் உறையிட்ட பல்லால் அதனைக் கடித்து உடைத்தல் தகாது. பீங்கான் உறை தெறிக்கலாம். உள்ளிருக்கும் பல்லே பிளக்கவும் கூடும். அதற்காகப் பிரசாதத்தை விலக்க வேண்டியதில்லை. கையால் விண்டு, மோரில் ஊறவைத்து உண்ணலாம். தேங்காய்ச் சில்லைத் துருவிக்கொள்ளலாம். கல்கண்டைக் கடிக்கவும் வேண்டாம், வாயில் அடக்கிக்கொள்ளவும் வேண்டாம். வெந்நீரில் கரைத்துப் பருகி, பின் வாய் கொப்பளிப்பது நன்று.

உறையிட்டபின் அப்பல்லுக்கு இனிக் கேடில்லை என்று பலர் எண்ணுகின்றனர். உறை சொத்தையாவதில்லை என்பது உண்மையே. ஆனால் ஈற்றோரத்தில் உறை முடியும் விளிம்பில் உணவுத் துகள் தங்கினால், உள்ளே இருக்கும் இயற்கைப் பல் அரிபடும். நரம்பு நீக்கிய பல் ஆதலின் வலி தோன்றி எச்சரிக்காது. ஒருநாள் உறையோடு பல்லும் முறிந்து கையில் வரும்போதுதான் செய்தி தெரியும். அப்போது வேரைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லாமலும் போகலாம்.

ஆகவே காலையிலும், இரவு உறங்குமுன்னும், மென்மையான தூரிகையை ஈற்றோரம் சற்றே சாய்த்து மெல்லத் துலக்குங்கள். பல்லிடுக்கைத் தூய்மை செய்யும் நூலையோ சிறு தூரிகையையோ நாள்தோறும் பயன்படுத்துங்கள். அடுப்புக்கரி, சாம்பல், செங்கற்பொடி ஆகியவை உறையின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். அமாவாசை, ஏகாதசி நாள்களில் பற்குச்சியை விலக்கி 12 முறை வாய் கொப்பளிப்பது பழைய ஆசாரம். அதனைக் கைக்கொள்வோரும் பற்பசையின்றி, நனைத்த தூரிகையால் உறையின் விளிம்பைத் துலக்கலாம். கொப்பளித்தல் மட்டும் அங்கே ஒட்டிய படிவை அகற்றாது.

உறை கழன்று விழுந்தால் எறிந்துவிடாதீர்கள். கடையில் விற்கும் பசையால் நீங்களே ஒட்டவும் முயலாதீர்கள். கழுவிச் சிறு சிமிழில் இட்டு, ஓரிரு நாள்களில் பல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். தாமதித்தால் அண்டைப் பற்கள் சாய்ந்து, அதே உறை மீண்டும் பொருந்தாமற் போகலாம்.

6 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்வை வேண்டும். நினைவில் வைக்க எளிய வழி உண்டு. ஆனித் திருமஞ்சனத்தை ஒட்டி ஒருமுறை, மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஒருமுறை சென்று வாருங்கள். கூத்தபிரானின் அவ்விரு திருநாள்களுக்கும் இடையே உள்ள காலமும் 6 மாதமே.